மூன்று பூட்டு வண்டி

— பூட்டாம விட்டாலும் ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கிறானே தம்பி!

— இருங்க அண்ணி, ஸ்பேனரைக் கீழே வெச்சுட்டுக் கேக்கறேன். வண்டி திருடு போகலையேங்கிறதா உங்க கவலை?

— வேற என்ன? உங்கண்ணன் மூணு பூட்டு போடுறார். ஹேண்டில்ல ஒண்ணு, முன்சக்கரத்துல ஒண்ணு, அதுவும் போதாதுன்னு மாட்டைக் கட்டுற மாதிரி சங்கிலியைச் சுத்தி கேட்டோட ஒண்ணு. அவர் குறட்டை விட ஆரம்பிச்சதும் நான் போய் மூணையும் திறந்து, சாவியையும் வண்டியிலயே மாட்டிட்டு வர்றேன். விடிஞ்சு பார்த்தா, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாம நிக்குது.

— உங்க தெருவுல எல்லாரும் அவ்வளவு நல்லவங்களா?

— அந்தக் கொடுமையை ஏன் கேக்குற! முதல் தடவை பால்காரர் கதவைத் தட்டி, 'சாவியை மறந்துட்டீங்கம்மா'ன்னு என் கையில கொடுத்துட்டுப் போறார். இன்னொரு தடவை எதிர்வீட்டுக்காரர் தானே பூட்டி, சாவியைப் பத்திரமா அவர் வீட்டுல வெச்சுக்கிட்டார். 'இந்தக் காலத்துல இப்படியாம்மா விடுறது'ன்னு எனக்குப் புத்திமதி வேற. நல்லவங்களா இருந்தே என் உயிரை வாங்கறாங்க.

— திருடனும் எடுக்க மாட்டான் அண்ணி. அவனுக்கும் மூளை இருக்கே. சாவியோட நிக்கிற வண்டியைப் பார்த்தா 'இது போலீஸ்காரன் வெச்ச பொறி'ன்னு ஒதுங்கிப் போயிடுவான். மூணு பூட்டைப் பார்த்தாத்தான் 'அட, இதுல ஏதோ விஷயம் இருக்கு'ன்னு கிட்ட வருவான்.

— அப்போ பூட்டினாத்தான் திருடு போகும்னு சொல்றியா?

— என் வண்டி போச்சே, ஞாபகம் இருக்கா? இதே கடை வாசல்ல, ரெண்டு பூட்டு போட்டு நிறுத்தியிருந்தேன். தூக்கிட்டுப் போனவன் பூட்டு ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வெச்சுட்டுப் போயிருந்தான். ஒரு கீறல் இல்லை அண்ணி! நல்ல பூட்டு. அது திருடே போகாது.

— நீ சிரிச்சுக்கோ. எனக்கு வயித்தெரிச்சல்.

— சரி, சிரிக்கலை. எதுக்கு இந்த வேலை? அண்ணன் அந்த வண்டியைப் பெத்த பிள்ளையாட்டம் பார்த்துக்கிறார்.

— கண் டாக்டர்கிட்டப் போனோம் தம்பி. பார்வை நடுவுல அழிஞ்சுக்கிட்டே வருதாம். ஓரமெல்லாம் தெரியும், நேராப் பார்க்கிற இடத்துல மட்டும் புகை மண்டினாப்ல இருக்குமாம். வண்டியைத் தொடவே கூடாதுன்னுட்டார். வெளியில வந்ததும் உங்கண்ணன் என்ன பண்ணினார் தெரியுமா? 'அந்த டாக்டர் என்னைக்காவது லாரி ஓட்டியிருக்கானா?'ன்னு கேட்டுட்டு, ஒரே உதையில ஸ்டார்ட் பண்ணிட்டார்.

— அவர் சொல்றதும் அப்படித்தானே? வாழ்நாள் பூரா லாரி ஓட்டினவர், ஒரு கோழியைக்கூட அடிச்சதில்லைன்னு.

— கோழியை அடிக்கலை. போன வாரம் பள்ளிக்கூடத்து முனையில ஒரு குழந்தை... மயிரிழையில தப்பிச்சுது. பின்னாடி உக்காந்திருந்த நான் போட்ட கூச்சல்ல நிறுத்தினார். நான் இருந்தா 'இடது பக்கம் நாய், எதிர்ல பஸ், பள்ளம் பள்ளம்'னு சொல்லிக்கிட்டே வருவேன். எனக்கு வாய் ஓயாதுன்னு தெருவே சிரிக்குது. அந்த வண்டி ஓடுறதே என் வாயாலதான்! என்னைத் தையல் கம்பெனி வாசல்ல இறக்கிவிட்டுட்டுத் தனியாத் திரும்பிப் போறாரே, அப்போ அந்த வண்டிக்குக் கண்ணு எங்கே இருக்கு?

— சொல்லிப் பார்க்க வேண்டியதுதானே?

— சொன்னேன், அழுதேன், ரெண்டு வேளை பட்டினி கிடந்தேன். 'பஸ்ல தொங்கிட்டுப் போறதுக்கா உன்னைக் கட்டிக்கிட்டேன்'ங்கிறார். என் முழங்கால் வலியை அவர்கிட்டச் சொன்னதுதான் நான் செஞ்ச முட்டாள்தனம்.

— நான் வேணா கார்பரேட்டர்ல ஒரு கை வெச்சுடறேன். ஸ்டார்ட்டே ஆகாது.

— லாரி இன்ஜினையே நடுரோட்டுல பிரிச்சு மாட்டினவர்கிட்டயா? போன மாசம் பிளக்கைக் கழட்டித் தையல் பெட்டியில ஒளிச்சு வெச்சேன். 'பிளக்கை எலி தூக்கிட்டுப் போயிடுச்சு'ன்னு சொல்லிக்கிட்டே புதுசு வாங்கி மாட்டிட்டார்.

— எலியா! பூட்டு திறந்து கிடக்கிறதைப் பார்த்து என்ன சொல்றார்?

— ஒரு வார்த்தை இல்லை. அதுதான் எனக்கும் ஆச்சரியம். போறார், பார்க்கிறார், பேசாம வந்து உக்காந்துக்கிறார். அதான் தம்பி, உன்கிட்ட வந்தேன். நீ எடுத்துடு.

— எதை?

— வண்டியைத்தான். நான் திறந்து வைக்கிறேன், நீ தள்ளிக்கிட்டு வந்துடு. பிரிச்சுப் போட்டாலும் சரி, பேரீச்சம்பழத்துக்குப் போட்டாலும் சரி.

— அண்ணி! என்னைத் திருடனாக்கப் பார்க்கிறீங்களே!

— சொந்தக்காரி சொல்லி எடுத்தா அது திருட்டா?

— ஸ்டேஷன்ல போய் 'அண்ணி சொன்னாங்க, எடுத்தேன்'னு சொல்லவா? உதைக்கிறப்ப நீங்களா வந்து... இருங்க, இருங்க. அந்தச் சத்தம்!

— என்ன சத்தம்?

— சைலன்சர் ஓட்டை. நான் அடைச்சு விட்டதுதான், மறுபடியும் பிச்சுக்கிச்சு. அண்ணன் வர்றார்.

— ஐயோ, தனியாவா? எங்கேயாவது ஒளிய இடம் இருக்கா?

— அந்த டயர் அடுக்குக்குப் பின்னாடி. ஆனா குனிஞ்சு உக்காரணும்.

— என் முழங்காலுக்கா? ஆகிற காரியமில்லை. இந்த வாசல் பெஞ்சுலயே இருக்கேன். பார்த்தாப் பார்க்கட்டும், சும்மா வந்தேன்னு ஏதாவது சொல்லிக்கறேன்.

— வண்டி டாக்டரே! ரைட்டு, கடையிலதான் இருக்கியா?

— வாங்கண்ணே. அது வந்து... இவங்க இப்பத்தான், சும்மா...

— அடடா, கஸ்டமர் இருக்காங்களா? நீங்க உக்காருங்கம்மா, எழுந்திருக்காதீங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. முதல்ல வந்தவங்க நீங்க.

— அண்ணே, விளையாடாதீங்க.

— இதுல என்ன விளையாட்டு? வரிசைன்னா வரிசைதான். என்ன வண்டிம்மா உங்களது? ஸ்கூட்டரா?

— அவங்க... அவங்க பேச மாட்டாங்கண்ணே.

— ஐயோ பாவம். பிறவியிலயேவா?

— இல்லை இல்லை, தொண்டை கட்டியிருக்கு. அண்... அம்மா, நீங்க அப்படியே உக்காருங்க.

— வீட்டுக்காரர் கொடுத்து வெச்சவர். எங்க வீட்டுல எல்லா வியாதியும் வரும், தொண்டை மட்டும் கட்டவே கட்டாது.

— அண்ணே, மெதுவாப் பேசுங்க. என்ன வேணும், சொல்லுங்க.

— தொட்டாக் கத்துற பூட்டு வந்திருக்காமே? அது ஒண்ணு வேணும் டாக்டரே.

— ஏற்கெனவே மூணு இருக்கே! அந்தத் திருடன் பாவம் இல்லையா?

— அது திருடனுக்கு இல்லை. எனக்கு.

— புரியலையே.

— இந்தம்மா கேட்டாப் பரவாயில்லை, வெளி ஆள்தானே. வீட்டு ஆளுக்குத்தான் தெரியக் கூடாது. நான் தினமும் மூணு பூட்டும் போடுறேன். இழுத்துப் பார்க்கிறேன். சாவியை ஆணியில மாட்டுறேன். காலையில போனா மூணும் திறந்து கிடக்கு, சாவி வண்டியில தொங்குது.

— யாராவது...

— யாரு? திருடன்னா கொண்டுபோயிருப்பான். திறந்து வெச்சுட்டுக் கும்பிட்டுட்டா போவான்? எங்க வீட்டுல இருக்கிறது ரெண்டே பேர். அவளுக்கு எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னே தெரியாது. அப்போ யாரு? நான்தான். பூட்டினதா நினைச்சுக்கிறேன், பூட்டலை. போன மாசம் பிளக்கைக் கழட்டி எங்கேயோ வெச்சுட்டேன், இன்னைவரைக்கும் கிடைக்கலை. அவகிட்ட எலி மேல பழியைப் போட்டுச் சமாளிச்சேன். இப்பக்கூட வாசல்ல பூட்டிட்டு, ரெண்டு தடவை திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துட்டுத்தான் வர்றேன். மூளை கழண்டுக்கிட்டு வருது டாக்டரே.

— அப்படியெல்லாம் சொல்லாதீங்கண்ணே.

— எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில என்னையே பார்த்து 'யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ?'ன்னு கேட்டார். கண்ணு போகுதுன்னு சொன்னப்ப நான் பயப்படலை. கண்ணு போனா என்ன, அவ தோளைப் பிடிச்சுக்கிட்டு நடந்துடுவேன், அவ வாய் வழி சொல்லும். ஆனா ஞாபகம் போயிட்டா? ஒருநாள் எதிர்ல வந்து உக்காந்திருக்கிறவ யாருன்னே எனக்குத் தெரியாமப் போயிட்டா?

— அம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?

— என்ன, அழறாங்களா?

— தொண்டை வலிண்ணே. ரொம்ப.

— சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கொப்பளிங்கம்மா, சரியாயிடும். விஷயம் இதுதான் டாக்டரே. அந்தப் பூட்டு கத்திச்சுன்னா, எவனோ கை வெச்சிருக்கான்னு அர்த்தம். கத்தாமயே காலையில திறந்து கிடந்துச்சுன்னா, நான் பூட்டவே இல்லைன்னு அர்த்தம். பூட்டு திருட்டைத் தடுக்குமோ தடுக்காதோ, எனக்குப் புத்தி இருக்கா இல்லையான்னு சொல்லிடும்ல?

— இல்லைன்னு சொல்லிட்டா?

— அன்னைக்கே வண்டியை உன்கிட்டக் கொண்டுவந்து விட்டுடுவேன். கண்ணு மங்கினா அனுபவத்துல ஓட்டிடலாம். மறதிக்காரன் ரோட்டுல ஏறக் கூடாது. அது பாவம்.

— கேட்டீங்களாம்மா? அண்ணன் வண்டியை விட்டுடுவாராம். யாரும் ஒண்ணும் திருட வேண்டாம். வாயைத் திறக்காம இருந்தாலே காரியம் முடிஞ்சுடும்போல.

— நீ என்னடா, சம்பந்தமில்லாம அவங்ககிட்டப் பேசிக்கிட்டு?

— சும்மாண்ணே. பொம்பளைங்களுக்கு நல்லது கெட்டது தெரியும்னு கேட்டேன்.

— அதுவும் சரிதான். நீங்களே சொல்லுங்கம்மா, தொண்டை வலிச்சா ஒரே வார்த்தை போதும். உங்க வீட்டுக்காரருக்கு இப்படிப் புத்தி தடுமாறினா, உங்ககிட்டச் சொல்றது நல்லதா, சொல்லாம இருக்கிறது நல்லதா?

— பிளக்கை ஒளிச்சது நான், மூணு பூட்டையும் திறந்தது நான், உங்க புத்திக்கு ஒண்ணும் இல்லை. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து 'ஏய்'னு கூப்பிட்ட பொண்டாட்டியை, இத்தனை வெளிச்சத்துல, 'நீங்க உக்காருங்கம்மா'ங்கிறீங்களே, அந்த வண்டிச் சாவியை இப்படிக் கொடுங்க.