டைட்டானியத்துக்கும் அலுப்பு வரும்

விம்கோ நகர் ரயில்வே கேட்டில் பேருந்து நின்றிருந்தது. என் முன் இருக்கையில் காக்கிச் சட்டை போட்ட இருவர். லேத் பட்டறைக்காரர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"டைட்டானியமும் அலுத்துப்போவும் மாமு. சொன்னா சிரிக்கிறான் அந்த சூப்ரவைசரு" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

"நீ கடஞ்ச ஷாஃப்ட்டு டெஸ்ட்டுல நல்லாத்தானே தாங்குச்சு?"

"அன்னிக்கித் தாங்கும். பம்புல மாட்டி ராப்பகலா சுத்தினா? மொண்ண டூலு கீறின கோட்டுலேர்ந்து உள்ளாறயே விரிசல் ஓடிகினு கீது. பலம் பூரா போயிட்ச்சி, வெளிய ஒண்ணும் தெரில. நேத்து ஷாஃப்ட்டு ஒடஞ்சி ஆபரேட்டர் கைய நசுக்கிட்ச்சி."

"நீ புது டூலு கேட்டியே?"

"மூணு தபா கேட்டேன். இத்தையே ஓட்டுன்னான். இப்ப தப்பு என்னுதுன்னு கையெழுத்து போடணுமாம். இல்லாங்காட்டி வேல இல்லியாம்."

"அந்தக் கோட்ட அன்னிக்கே காட்றதுதானே?"

அவர் ஜன்னல் கம்பியைக் குத்தினார்.

"காட்னேன். சூப்ரவைசருதான் எமரி தாள் குடுத்து, பளபளன்னு தேய்டான்னான். கோடு மறஞ்சிது, பாஸாயிட்ச்சி. தேச்சது இந்தக் கைதான்."

"அப்ப கையெழுத்து போடப்போறியா?"

"போடறேன். எமரி தாள் குடுத்தவன் பேர மேல எழுதிட்டுதான் போடுவேன்."

கேட் திறந்தது.