கால் முதலில் வந்தவன்

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, குடித்துவிட்டேன். நீங்கள் கேட்பதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. என் பெயர் லியோனார்ட். ராயபுரம் ஆங்கர் ஃபுட்பால் கிளப்பின் சென்டர் ஹாஃப். அறுபதாம் வருஷம் நடு மைதானத்தில் போய் நின்றேன். இதோ எழுபத்தாறு, இன்னும் நான்தான் நிற்கிறேன். நாற்பது தாண்டியும் எப்படி ஆடுகிறாய் என்று பேட்டையே கேட்கிறது. நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள், கொஞ்சம் வேறு மாதிரி.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நான் பிறக்கும்போது தலைக்குப் பதிலாகக் கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவன் காலால் தொட்டால் சுளுக்கு ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சிரிக்காதீர்கள், ஓடத்தான் செய்கிறது. வலை இழுத்து இடுப்புப் பிடித்துக்கொண்ட காசிமேட்டு ஆட்கள், ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்து என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்வேன். மறு காலைப் பட்டும் படாமலும் வலிக்கிற இடத்தில் வைத்துத் தடவி எடுப்பேன். காசு வாங்கக் கூடாது, வாங்கியதும் இல்லை. மீன் விற்கிற கன்னியம்மா, "ஒன் காலுக்கு ஒரு கோயிலே கட்லாம் நைனா" என்பாள். கட்டினால் நான் வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்.

அறுபத்து நாலில் இரும்புத் தாது ஏற்ற ஒரு ஜப்பான் கப்பல் வந்தது. அந்தக் கப்பல்காரர்கள் எங்களோடு சும்மா ஒரு மேட்ச் ஆடினார்கள். அவர்களுடைய சென்டர் ஹாஃப் தலை நரைத்த மனுஷர், பெயர் மோரிதா. கடலுக்கு வருமுன் அவர் ஊர்க் கம்பெனி டீமில் இருபது வருஷத்துக்கு மேல் ஆடியவராம். அடடா, என்ன ஆட்டம் சார் அது! அவர் ஓடவே இல்லை. நின்ற இடத்துக்குப் பந்து தானாக வந்தது. தோற்றுப்போன எனக்கு சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. ஆட்டம் முடிந்ததும், ஷிப்பிங் ஆபீஸ் குமாஸ்தா ராமசுப்புவை விட்டு, இத்தனை காலம் எப்படி ஆட முடிந்தது என்று கேட்கச் சொன்னேன். மோரிதா சிரித்துக்கொண்டே குனிந்து முட்டியைத் தட்டிக் காட்டினார்.

"முட்டிய பத்திரமா பாத்துக்கணுமாம்பா" என்றார் ராமசுப்பு.

யாருடைய முட்டி என்று அவர் சொல்லவில்லை. நான் வீட்டுக்குப் போய் யோசித்தேன்.

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம்தான், பெஞ்ச். கோட்டுக்கு வெளியே துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, என் இடத்தில் இன்னொருவன் நிற்பதைப் பார்ப்பது. சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

அடுத்த வருஷம் ஜேக்கப் வந்தான். நல்ல பையன், என்னைவிட வேகம். என் இடத்தை அவனுக்குக் கொடுக்கலாமா என்று கமிட்டியில் பேச்சு அடிபட்டது. அதற்குள் அவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நான் கூப்பிடவில்லை சார், அவனாகவே என்னைத் தேடி வந்தான். கணுக்கால் சுளுக்குக்கு வேர் முட்டியில் இருக்கிறது என்று சொன்னேன். மல்லாந்து படுக்க வைத்து, குதிகாலுக்கு அடியில் மணைப்பலகை வைத்தேன். பிறகு முட்டியில் காலை வைத்தேன். கொஞ்சம் கூடுதலாக அழுத்தியிருப்பேன். அலறினான். கெட்ட ரத்தம் இறங்குகிறது, பொறுத்துக்கொள் என்றேன். அப்புறம் அவனால் ஆட முடியவில்லை. திருவொற்றியூரில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை நானேதான் அலைந்து வாங்கிக் கொடுத்தேன். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனும் நான்தான்.

பிறகு எத்திராஜ். அவனுக்குப் பேசின் பிரிட்ஜ் பக்கம் டீக்கடை வைத்துக் கொடுத்தேன். பிறகு சௌக்கத் அலி. என் இடத்துக்கு வரக்கூடிய ஹாஃப்-பேக்குகள் மட்டும்தான் சார். எங்கள் கோல்கீப்பர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒருத்தனும் என் காலைக் குறை சொல்ல மாட்டான்.

போன மாதம் கிளப்பில் எனக்குப் பாராட்டு விழா. மூன்று பேரும் மாலையோடு மேடை ஏறினார்கள். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி நொண்டல். "இன்னாபா, பரேடு மாரி கீது!" என்று கூட்டத்தில் யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். ஜேக்கப் மைக்கைப் பிடித்து, "வாத்தியாரு இல்லன்னா நாங்கல்லாம் இன்னா ஆயிருப்போம்?" என்றான். முன் வரிசையில் என் மனைவி ஹில்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் வாழ்நாளில் அதைவிட நல்ல சாயங்காலம் கிடையாது.

லூயிஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஹில்டாவின் தம்பி. எங்கள் வீட்டில் வளர்ந்தவன். அவனுடைய முதல் பூட்ஸ் நான் வாங்கிக் கொடுத்தது. எனக்குப் பிள்ளை இல்லாத குறையை அவன்தான் தீர்த்தான். இந்த வருஷ ஃபைனலுக்கு லூயிஸ்தான் சென்டர் ஹாஃப், லியோனார்டுக்கு பெஞ்ச் என்று செக்ரெட்டரி சொல்லிவிட்டார். அந்த வாரமே பிராக்டீஸில் பையனுக்குக் கால் பிசகியது.

"மாமா, சாயங்காலம் ஃபைனலுக்குள்ள சரியாயிடுமா?" என்றான்.

"ஏன்டா ஆவாது? படு" என்றேன்.

மணைப்பலகையை ஹில்டாவே எடுத்து வந்தாள். அவன் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டதும் அவள்தான். அவள் தலை தரையோடு தாழ்ந்திருந்தது. அதனால் லூயிஸின் முட்டிமேல் இருந்த என் காலை அவள் பார்க்கவில்லை, ஊன்றியிருக்க வேண்டிய மற்ற காலைப் பார்த்துவிட்டாள். அது தரையை விட்டு எழும்பியிருந்தது.

"ஐயோ! இன்னாய்யா, ஒரு காலும் தரையில இல்லியே! ஜேக்கப்பு மேலயும் இப்டித்தான் ஏறி நின்னியா?"

ஆமாம் என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அவள் தம்பியை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், அங்கிருந்து நேரே உங்களிடம் வந்தாள். நான் கிட் பையை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். ஃபைனல் அன்றைக்குத்தானே. ஜெயித்தோம் சார். கைதட்டல் இந்த ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

லூயிஸின் முட்டி இனி மடங்காது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். கேட்டதும் அழுதேன், நீங்களே பார்த்தீர்கள். ஆனால் அவனை அப்படியே விட்டுவிட மாட்டேன். மாத்தூரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று, செக்ரெட்டரி அவன் பெயரைச் சொன்ன அன்றைக்கே சொல்லி வைத்துவிட்டேன்.

எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: இத்தனை வருஷத்தில் ஒரு ரெஃபரிகூட என்மேல் ஃபவுல் ஊதியதில்லை. யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாத ஆள் நான்.

அது இருக்கட்டும், வந்ததிலிருந்து பார்க்கிறேன், நீங்கள் இடது காலை ஊன்றவே மாட்டேன் என்கிறீர்கள். சுளுக்கா சார்? காலை இப்படி நீட்டுங்கள், ஒரு நிமிஷ வேலை. நீங்கள் ஹாஃப்-பேக் இல்லையே?