ரப்பர் பஃபர்

ஏலத்தோட்டக்காரர் ஒருவர், பெட்ரோல் பங்க் முதலாளி ஒருவர், ரைபிள் போட்டிக்குப் போகும் பெண் ஒருத்தி, அவளுடைய அண்ணன், ஆர்சி புக்கைத் தொலைத்த நான். போடி காவல் நிலையத்தில் வரிசை. தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் தங்கையிடம் சின்ன ரப்பர் துண்டு ஒன்றைக் காட்டினான்.

“ஆத்தா, சுட்டதும் போல்ட் பின்னால வந்து இரும்புல இடிக்குதுல்ல, அங்கன இத மாட்டு. ரைபிள் உதறாது.”

“இரும்பே இருக்கட்டும்ண்ணே. பழகிருச்சு.”

“பழகித்தேன் போன தடவ ரெண்டு பாயிண்ட்ல கோட்ட விட்ட.”

தோட்டக்காரர் திரும்பினார். “பன்னி வெரட்டியே எனக்குத் தோளு வீங்கிருச்சு தம்பி. எனக்கொண்ணு குடு.”

“ஒங்க ரெட்டக்குழலுக்கு இது சேராதுய்யா. தலகாணி கட்டிக்கங்க.”

அவள் சிரிக்கவில்லை.

“புதுசு மாட்டுனா குண்டு வேற எடத்துல விழுகும். சுட்டுப் பாத்துத்தேன் குறி பாக்குற சைட்டத் திருப்பணும்.”

“சுட்டுப் பாரு.”

“நாளைக்கு மதுரையில செலக்‌ஷன். அதுக்கே அறுபது தோட்டா வேணும். இனி வாங்க ஏது நேரம்?”

ஏட்டு அவளுடைய ரைபிளையும் தோட்டாப் பெட்டியையும் மேசையில் வைத்தார். அவள் எண்ணினாள். அறுபதை ஒதுக்கினாள். பிறகு அண்ணனிடம் ரப்பருக்காகக் கை நீட்டினாள்.

சுட்டுப் பார்க்க மிச்சம் மூன்று.