நான்கு விரல் பட்டை

விதை என்றால் காயவைத்து டப்பாவில் போட்டு வைப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், சார். மழைக்காட்டு மரத்தின் விதை அப்படியல்ல. காய்ந்தால் செத்துப்போகும். தரையில் விட்டால் எலி விடாது. மரத்திலேயே பறித்து, அன்றைக்கே ஈர மண்ணில் வைத்துவிட வேண்டும்.

எங்கள் தாவரவியல் தோட்டத்தில் நிற்பது அப்படி ஒரு மழைக்காட்டு மரம், அதன் இனத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷம் பார்த்துக்கொண்டேன், ஒரு பூ பூக்கவில்லை. கிளை வெட்டி நட்டேன், ஒன்றும் வேர் பிடிக்கவில்லை. நான் ஓய்வுபெற இரண்டு வருஷம்தான் இருந்தது. சாகப்போகிற மரம் சில சமயம் கடைசியாகக் கொட்டிப் பூக்கும். அதனால் அடிமரத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குப் பட்டையை உரித்தேன், அப்படி உரித்தால் மரம் மெல்லச் சாகும். மேலே பாசியை ஒட்டி மறைத்தேன். நீங்கள் விலக்கிப் பார்த்தது அந்தப் பாசியைத்தான்.

மரம் பூத்தது. காய்த்தது. சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

தோட்டத்தில் மரம் ஏறுகிறவர் என் தங்கை கணவர். கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், சத்தம் ஒரு மாதிரி இருக்கு. தாங்குமா?"

உச்சி காய்ந்துவிட்டது எனக்குத் தெரியும். தாங்காது என்றால் ஏன் என்று கேட்பார்.

"தாராளமா தாங்கும், மாப்பிள்ளை. ஏறுங்க."

பறித்துவிட்டு இறங்கும்போது கிளை முறிந்தது. விழுந்தபோது அவருக்கு நினைவு இருந்தது. "மச்சான், யாரையாவது கூப்பிடுங்க" என்றார். பை கிழிந்து விதைகள் உச்சி வெயிலில் சிதறிக் கிடந்தன. கூப்பிடத்தான் போனேன். ஆனால் ஆட்கள் ஓடிவந்தால் காலில் மிதிபடும் இல்லையா? ஒன்று விடாமல் பொறுக்கினேன், நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் மண்ணில் வைத்து, தண்ணீர் தெளித்துவிட்டு ஓடினேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் இன்னும் இரண்டு தடவைதான் கூப்பிட்டார். அப்புறம் சத்தமில்லை, வலி குறைந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அண்ணா, அவரு விழுந்த உடனே போயிட்டாரா?" என்று தங்கை கேட்டாள்.

"உடனே போயிட்டாரும்மா" என்றேன். அவள் மனசு ஆறட்டும் என்றுதான்.

முளைத்தது ஒன்பது. இங்கே ஸ்டேஷனுக்கு என்னைக் கொண்டுவந்து இரண்டு நாளாகிவிட்டது, சார். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். முதலில் தங்கைக்கு ஒரு போன் போட்டு, அந்த ஒன்பதுக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கணவர் உயிரைக் கொடுத்துப் பறித்த விதை, அவள் வாடவிட மாட்டாள்.