ஆல்வின் செஞ்ச வேலை, ஓவியா பேரு

ஹலோ... ஆ, ஆல்வின், சொல்லுடா... மெதுவா பேசு, இப்பதான் தூங்குனான்... யாரா? அத அப்புறம் சொல்றேன். மொதல்ல நீ மூச்சு விட்டுட்டு பேசு...

ஆமா, ஓவியா என் பேருதான். இன்னிக்குதான் தெரியுமா உனக்கு?... இரு, இரு. நீ ஆபீஸ்ல எழுதுற ப்ரோக்ராம்ல என் பேரா?... எல்லா எடத்துலயுமா?...

சிரிக்கலடா... சரி, சிரிச்சேன்.

ஞாபகம் இருக்கு, இருக்கு. புது லேப்டாப் குடுத்துட்டாங்க, செட்டப் பண்ணவே ரெண்டு நாளாகும்னு பொலம்புன. என் செட்டிங்ஸ், ஷார்ட்கட், ஸ்கிரிப்ட் எல்லாம் நெட்ல, கிட்ஹப் சைட்ல போட்டு வெச்சிருக்கேன், எந்த கம்ப்யூட்டர்லயும் ஒரே கமாண்ட்ல எறக்கிக்கலாம்னு லிங்க் அனுப்புனேன்... அந்த மெசேஜ்ல இன்னொண்ணும் சொன்னேனா இல்லயா? மொத ஃபைல்ல என் பேரும் மெயில் ஐடியும் இருக்கு, அத மாத்திட்டு ரன் பண்ணுன்னு... படிக்கல. லிங்க மட்டும் அமுக்கிட்ட...

அப்ப மூணு வாரமா நீ பண்ண வேலையெல்லாம் நான் பண்ணதா பதிவாயிருக்கு... பழசயும் மாத்தலாமே... ஓ, டீம்ல எல்லாரும் அத எறக்கி, அது மேலயே வேல பண்ண ஆரம்பிச்சிட்டாங்களா? அப்ப கைய வெக்காத, அது பெரிய பேஜாராயிடும்...

என்னது?... வெளியாள வெச்சு வேல வாங்குறியான்னு உன் மேனேஜர் கேக்குறாரா?... வேலய விட்டே தூக்கிடுவாங்களா? டேய், இத மொதல்ல சொல்ல மாட்டியா. அவரு பக்கத்துலயா இருக்காரு?... குடு. நீ பேசாத, நான் பேசிக்கிறேன்.

வணக்கம் சார்... ஆமா சார், அந்த ஓவியாதான்... இல்ல சார், உங்க ப்ராஜெக்ட் என்னன்னே எனக்கு தெரியாது... எப்படி நம்பறதா? அந்த பதிவுல ஒவ்வொண்ணுக்கும் தேதி, டைம் இருக்கும் சார். மூணாந்தேதி எடுங்க... இருக்கா?... காலைல பதினொண்ணு பத்துக்கா. சரி. அன்னிக்கு பதினொண்ணு ஏழுக்குதான் சார் எனக்கு பையன் பொறந்தான், தாம்பரத்துல. ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் ஷீட் வேணா அனுப்பறேன்... ஆமா சார், மூணு நிமிஷத்துல கஷ்டம்தான்... நல்லாருக்கான் சார்... தேங்க்ஸ் சார்.

ம், சொல்லுடா... சிரிச்சிட்டாரா? அப்பாடா. 

ஆமா, பதினெட்டு நாளாச்சு. நெறமாசமா உக்காந்து உனக்கு லிங்க் அனுப்புனேன். ஸ்டேட்டஸ்லயும் போட்டேன், அதயும் நீ பாக்கல... சரி, சரி, அழாத. ஞாயித்துக்கெழம ஊரப்பாக்கம் வா. போன தடவ மாதிரி ஒரு ஸ்டேஷன் முன்னாடி, வண்டலூர்லயே எறங்கிடாத. வெறுங்கையோடயும் வராத...

இவனுக்கா? இன்னும் பேர் வெக்கல. வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க... என்னது?... மூணு வாரம் என் பேர நீ வெச்சிருந்த, அதனால இவனுக்கு உன் பேரா?...

நல்ல பேருதான். மொதல்ல அத உன் லேப்டாப்ல வைடா... எழுந்துட்டான் பாரு. வெக்கிறேன்.