கோழிக்கூட்டுக்குப் பின்னால் அரைக் கிலோ சாளை

வீரலட்சுமி: மெதுவாப் பேசுக்கா... ஒன் சத்தம் ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது.

ஜெபமாலை: முப்பது வருசமா "மீனே... மீனே..."ன்னு கத்துன தொண்டைடி. ரகசியம் பேச வருமா? என்னைய எதுக்குக் கொல்லைப் பக்கம் வரச் சொன்ன? அதும் கோழிக்கூட்டுக்குப் பின்னாடி?

வீரலட்சுமி: அரைக் கிலோ சாளை மீனு போடு. சட்டுனு.

ஜெபமாலை: ஏ மாதாவே! ஊரே காப்புக் கட்டிக் கெடக்கு. மீன் வாடையே ஆகாதுன்னு நானே மெயின் ரோட்டோட அடுத்த ஊருக்குப் போறேன். சாமியாடி நீயி... மஞ்சச் சேலையக் கட்டிக்கிட்டு சாளை கேக்குற?

வீரலட்சுமி: சாமியா ஆடுனேன் நானு?

ஜெபமாலை: பின்ன? காரங்காடு வரைக்கும் அதே பேச்சு. காப்புக் கட்டுன அன்னைக்குக் கோயில் வாசல்ல வீரலட்சுமிக்கு ஆத்தா எறங்கிட்டா, தலைய விரிச்சுப் போட்டா, வேர்த்து ஊத்துச்சு, புருசனையே "ஏலே"ன்னு கூப்பிட்டா...

வீரலட்சுமி: வெக்கைக்கா! குப்புனு நெஞ்சுல கெளம்பி உச்சந்தலை வரைக்கும் தீயா ஏறுச்சு. கொண்டைய அவுத்தேன். காத்தே இல்ல. இவரு ஒருபக்கம் குடிச்சிட்டு வந்து பந்தல் ஃபேனை மறைச்சுக்கிட்டு நிக்கிறாரு. "ஏலே பொன்னுச்சாமி, தள்ளி நில்லுறா! இன்னமே பாட்டிலத் தொட்டே... ரத்தங் கக்குவே!"ன்னு கத்திப்புட்டேன்.

ஜெபமாலை: அய்யய்யோ...

வீரலட்சுமி: பூசாரி பொத்துனு கால்ல விழுந்துட்டாரு. புருசனை ஏலேங்கிறவ பொம்பளையா இருக்க முடியாதாம். சாமியாத்தான் இருக்கணுமாம்.

ஜெபமாலை: சிரிப்ப அடக்க முடியலடி... இந்தா, கோழியெல்லாம் என்னையவே பாக்குது.

வீரலட்சுமி: சிரி, சிரி. வீட்டு விலக்கு நின்னு எட்டு மாசமாச்சு. ராவும் பகலும் வேகுறேன். நர்ஸம்மாகிட்டப் போனா, இந்த வயசுல இப்படித்தான்... கொழுப்புள்ள மீனு தின்னுங்க, ஒமேகா மூணு இருக்கு, சில பேருக்குக் கேக்குதுன்னுச்சு.

ஜெபமாலை: மூணா? எங்கூட்டுல முப்பது திம்பேன்.

வீரலட்சுமி: ஒனக்குக் கேட்டுச்சா?

ஜெபமாலை: எனக்குக் கொஞ்சம் தேவலை. என் கொழுந்தியா ஜெர்லினுக்கு ஒண்ணுங் கேக்கல, இன்னும் ஐஸ்பெட்டி மேலதான் உக்காந்திருக்கா. ஆளாளுக்கு வேற மாதிரி. மீனு வேணாம்னா ஏதோ வெதை இருக்காமே?

வீரலட்சுமி: ஆளி வெதை. விரதம்னு சொல்லி அதான் வாங்கியாந்தேன். கோழித் தீவனம்னு நெனச்சு இந்த மனுசன் அம்புட்டையும் கோழிக்குப் போட்டுட்டாரு.

ஜெபமாலை: அதான் கோழிக ஒண்ணும் வெக்கைன்னு சொல்லல!

வீரலட்சுமி: இந்தா சட்டி, போடுக்கா மீனை.

ஜெபமாலை: இந்தா, போட்டாச்சு. காலையிலயே பாதிக் கூடை காலி. இதே தெருவுல ஒரு கிலோ போயிருச்சு.

வீரலட்சுமி: காப்புக் கட்டுன ஊருல எவ வாங்குனா?

ஜெபமாலை: அது... மீன்காரி வாயத் தொறக்கக் கூடாது. தொழில் தர்மம். ஏன்டி, மீனக் கேட்டுட்டு மொகத்த ஏன் தொங்கப்போடுற?

வீரலட்சுமி: பயமா இருக்குக்கா. ஆத்தா தண்டிப்பாளோன்னு ஒரு பயம்... அதவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு.

ஜெபமாலை: என்ன?

வீரலட்சுமி: இன்னையோட ஒம்பது நாளு. ஒரு சொட்டு குடிக்கல அந்த மனுசன். கல்யாணத்துக்கு மறுநாள்லருந்து இப்பிடிச் சேர்ந்தாப்புல ஒம்பது நாளு நிதானமா நான் பாத்ததே இல்ல. என்னையத் "தாயி"ங்கிறாரு. தண்ணிகூட அவரே மோந்து குடிக்கிறாரு. வெக்கை கொறைஞ்சா சாமி வராது. சாமி வரலைன்னா...

ஜெபமாலை: பாட்டில் வந்துரும்.

வீரலட்சுமி: நாளைக்கு மொளப்பாரி வேற. ஊரே நான் ஆடுவேன்னு காத்துக்கிட்டிருக்கு. இன்னைக்கு மீனைத் தின்னு நாளைக்கு வேர்க்காமப் போனா?

ஜெபமாலை: தின்ன ஒடனே நிக்க அது என்ன சுவிட்சா? வாரக் கணக்குல தின்னு பாக்கணும். நாளைக்கு நல்லா வேர்க்கும், கவலப்படாத.

வீரலட்சுமி: யக்கா... அவரு வாராரு! சட்டிய மறை! கூட்டுக்குள்ள தள்ளு!

ஜெபமாலை: கோழி திங்கும்டி!

வீரலட்சுமி: தின்னுட்டுப் போகுது, தள்ளு!

பொன்னுச்சாமி: தாயி... இங்கனயா இருக்கீங்க? என்னமோ வாடை வருதே?

ஜெபமாலை: மீன்காரி நிக்கிறேன்ல அண்ணே. மல்லியப்பூவா மணக்கும்?

பொன்னுச்சாமி: அதுசரி. அந்தச் செவலைக்கோழி அலகுல என்ன தொங்குது?

வீரலட்சுமி: ஏலே பொன்னுச்சாமி! ஆத்தா வந்திருக்கேண்டா! அங்கிட்டுத் திரும்புறா!

பொன்னுச்சாமி: திரும்பிட்டேன் தாயி.

வீரலட்சுமி: கண்ண மூடுறா!

பொன்னுச்சாமி: மூடிட்டேன் தாயி. ஆனா... ஆத்தாளுக்கு இன்னைக்கு ஒரு பொட்டு வேர்வையக் காணமே?

வீரலட்சுமி: மூடுன கண்ணத் தொறக்காதடா!

ஜெபமாலை: லெச்சுமி, எனக்கு அடுத்த ஊருக்கு நேரமாச்சு...

பொன்னுச்சாமி: நில்லு ஜெபமாலை. காலையில குடுத்த ஒரு கிலோவுல நாலு மீனு வயிறு வெடிச்சிருந்துச்சு.

வீரலட்சுமி: காலையிலயா? ஒரு கிலோவா? யக்கா!

ஜெபமாலை: அந்தோணியார் மேல சத்தியம் வாங்கிட்டாருடி! நான் என்ன செய்ய?

வீரலட்சுமி: அப்ப... ஒங்களுக்கு எல்லாந் தெரியுமா? விரதத்துல மீனு... ஆத்தா கோவிச்சுக்கிற மாட்டாளா?

பொன்னுச்சாமி: வெந்துக்கிட்டிருக்கிறவளுக்கு ஒருவாய் மீனு குடுத்தா எந்த ஆத்தா கோவிப்பா? கோவிச்சா எங்கிட்ட வரட்டும்.

வீரலட்சுமி: எப்பத் தெரியும்?

பொன்னுச்சாமி: வெதையக் கோழிக்குப் போட்டுட்டு, காலிப் பாக்கெட்டப் பாத்து அன்னைக்கே அது என்ன மருந்துன்னு நர்ஸம்மாகிட்டக் கேட்டுட்டேன். கொழம்பு மாட்டுக்கொட்டாயில கொதிக்குது, வந்து உப்புப் பாரு. நான் இன்னமே குடிக்க மாட்டேன் லெச்சுமி, அது ஒனக்காக. ஆனா நாளைக்கு மொளப்பாரியில ஊரு கேக்க நல்லாச் சத்தமா "ஏலே"ன்னு ஒரு அதட்டுப் போடு... இல்லைன்னா எங்கூட்டாளிக என்னையத் திரும்பக் கடைக்கு இழுத்துட்டுப் போயிருவாய்ங்க. ஒம்பது நாளா ஒன் சாமியச் சொல்லித்தான் தப்பிச்சுக்கிட்டிருக்கேன்!