வெள்ளை எழுத்தைக் காத்த விழிகளுக்கு விடைகொடுக்கும் மடல்

பெரம்பலூர் மருதையாறு ஆப்செட்டில் அச்சுத் தகடு எடுக்கும் பிளேட் பிரிவைப் பல்லாண்டு கட்டிக் காத்து, இன்று பணிநிறைவு பெறும் பண்பாளர், லெப்பைக்குடிக்காடு ஈன்ற ஏந்தல், திருமிகு காமில் பாய் அவர்களுக்கு, கண் கலங்கியும் கை கூப்பியும் சக ஊழியர்கள் வாசித்தளிக்கும் மடல்.

அச்சுக்கு அரணாய் நின்ற அண்ணலே!

தங்கள் தெருவே பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு வளைகுடாவுக்குப் புறப்பட்ட காலத்தில், தாங்கள் மட்டும் பெரம்பலூர் பஸ் ஏறி எங்களிடம் வந்து சேர்ந்தீர்கள். பிலிமை வெட்டி ஒட்டிய அந்த நாளிலும், கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட் வரும் இந்த நாளிலும், தங்கள் பார்வை படாத கோப்பு இயந்திரம் ஏறக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம்.

வண்ணங்களை வகுத்தறிந்த வல்லவரே!

கல்யாணப் பத்திரிகையில் கருப்பு மையே ஆகாது என்று சொல்லும் குடும்பங்களுக்காக, எழுத்துக்கென்று தனியாகக் குழைத்த அரக்கு மையை ஓட்டுகிறோம். வெளியிலிருந்து வரும் கோப்பிலோ அந்த அரக்கு நான்கு வண்ணங்களாகச் சிதறி, அதில் ஒரு பங்கு கருப்பும் கமுக்கமாக வந்து உட்கார்ந்திருக்கும். தாங்கள் திரையில் கருப்பை மட்டும் அணைத்துப் பார்ப்பீர்கள். எழுத்து கொஞ்சம் வெளுத்தாலும் கோப்பு வந்த வழியே திரும்பிப் போகும். செட்டிகுளம் திருவிழா அழைப்பிதழில் ஒரே தங்க நிறம் கோப்பில் இரண்டு பெயர்களில் வந்து, நிறத்துக்கு ஒன்றாக இரண்டு பிளேட் கேட்டபோது, "ஒரே தங்கத்துக்கு ரெண்டு பிளேட்டா? நாம என்ன நகைக்கடையா வச்சிருக்கோம்?" என்று தாங்கள் போட்ட சத்தத்தில் இயந்திரச் சத்தமே அடங்கிவிட்டது. தங்களிடம் திட்டு வாங்காதவர் இந்த அரங்கில் எவரும் இல்லை, முதலாளியும் விலக்கல்ல.

கருப்பின் களவறிந்த காவலரே!

கருப்பு எழுத்து அடிவண்ணத்தின் மேலேயே ஏறி அச்சாக வேண்டும். அதற்குத்தான் கோப்பில் ஓவர்பிரிண்ட் என்ற கட்டளை இருக்கிறது. வெள்ளைக்கோ மை கிடையாது, அடிவண்ணம் இடம் விட்டால்தான் தாளின் வெள்ளை எழுத்தாகத் தெரியும். அந்த எழுத்தைப் பிறகு யாராவது வெள்ளையாக மாற்றி, கட்டளையை மாற்ற மறந்துவிட்டால், திரையில் பளிச்சென்று தெரியும் எழுத்து தாளில் காணாமலே போய்விடும். இது எத்தனை பெரிய இழப்பாகக்கூடும் என்று ஒரு வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு விளங்கியது.

தா.பழூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இறந்துபோனார். மூத்த மகன் மதுரைவீரனுக்குச் சவூதியில் விடுப்புக் கிடைக்கவில்லை. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை அவரே அங்கிருந்து வடிவமைத்து அனுப்பியிருந்தார். இளையவர் ஜெயப்பிரகாஷ் எங்கள் அலுவலகத்தில் வந்து காத்திருந்தார். தாங்கள் ஜும்மாவுக்குப் போயிருந்தீர்கள். அவசரத்தில் நாங்களே பிளேட் எடுத்து ஓட்டத் தொடங்கிவிட்டோம்.

பள்ளிவாசலிலிருந்து திரும்பிய தாங்கள் பழக்கத்தில் கோப்பைத் திறந்தீர்கள். அடுத்த நொடியே ஓடிவந்து இயந்திரத்தை நிறுத்தினீர்கள். கருப்புப் பட்டையில் மற்றப் பிள்ளைகளின் பெயர்களெல்லாம் மஞ்சளில் இருந்தன. மதுரைவீரன் கடைசியாகச் சேர்த்திருந்த தம் பெயர் மட்டும் வெள்ளையில் இருந்தது. தாளில் அந்த இடம் வெறும் கருப்பு.

"பரவால்லங்க பாய், ஓட்டுங்க. எங்கண்ணன் பேரு ஊருக்கே தெரியும். தூக்குறதுக்கு நேரமாச்சு" என்றார் ஜெயப்பிரகாஷ்.

"அவரால வர முடியல தம்பி. பேராவது ஊரு வந்து சேரட்டும்" என்றீர்கள் தாங்கள்.

ஜெயப்பிரகாஷ் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டு, "கொஞ்சம் பொறுங்க, அண்ணன் பேரு வரணும்" என்றார். புதுப் பிளேட் வந்து, சுவரொட்டி ஓடி முடிந்து, கார் ஊர் போய்ச் சேரும்வரை அந்தப் பெரியவரை யாரும் தூக்கவில்லை. அன்று முதல் தாங்கள் திட்டினால் எங்களுக்குக் கோபம் வருவதில்லை.

பிறர் ஏக்கம் உணர்ந்த பெருந்தகையே!

தங்கள் வீட்டு ஏக்கத்தை மட்டும் தாங்கள் எங்களிடம் சொன்னதில்லை. பேத்தி பிறந்தபோது மகளுக்குத் துணையாகத் தோஹா போன தங்கள் மனைவி ஹபீபா அம்மா அங்கேயே இருக்க, தாங்கள் இங்கே மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளினீர்கள். முகூர்த்த மாதம் முடியட்டும், தேர்தல் முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று நாங்கள் ஒவ்வொன்றாகக் காரணம் சொன்னோம். தாங்களும் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தீர்கள். அந்த நாளெல்லாம் எங்களுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நேற்றும் முதலாளி, "இன்னும் ரெண்டு வருஷம் இருங்களேன் பாய்" என்றார். தாங்கள் மறுக்கவில்லை, சரி என்று சொல்ல வாயெடுத்தீர்கள். எங்கள் நெஞ்செல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் துடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் தங்களுக்குப் பிறகு அந்த இருக்கைக்கு வரும் மேகலா குறுக்கே புகுந்தார்.

"பாயை விட்டுருங்க சார். ஹபீபாம்மா எத்தன பெருநாளைக்குத்தான் அவரைப் போன்லயே பாத்துக்கிட்டு இருப்பாங்க? ஃபைலை நான் பாத்துக்குறேன்."

சொல்லிவிட்டு அவரே விசும்பி அழுதார். அவரைத் தேற்றும் நிலையில் எங்களில் ஒருவரும் இல்லை. கோப்பு பார்க்கும் திறமையில் தங்களை எட்ட அவருக்கு இன்னும் சில காலம் ஆகலாம். திட்டுவதில் இப்போதே எட்டிவிட்டார் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறோம்.

இறையருளால் நீண்ட ஆயுளும் குன்றாத நலமும் பெற்று, மனைவி மக்களோடும் பேத்தியோடும் மகிழ்ந்து வாழ வேண்டும் என்று வாயார வாழ்த்துகிறோம். பிளேட் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் தாங்கள்தானோ என்று திரும்பிப் பார்ப்போம். அதை நினைத்துத் தாங்கள் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டாம்.

"இருங்க பாய்" என்று சொல்லத் துடிக்கும் நாவை அடக்கிக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்று கையெழுத்திடும்,

மருதையாறு ஆப்செட் பணியாளர்கள்,
பெரம்பலூர்.